டெட்ராய்ட்டில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு டிராயில் இருப்பவனின் பதில்

கேள்வி: அமெரிக்காவின் மக்கள்தொகை மிகுந்த நகரங்களின் வரிசை காலப்போக்கில் எப்படி மாறியிருக்கிறது?

ஊரில் யார் கேட்டாலும் "டெட்ராய்ட்ல இருக்கேன்" என்றுதான் சொல்வேன். உண்மையில் என் வீடு இருப்பது பக்கத்திலுள்ள டிராய் என்ற ஊரில். டிராய் என்றால் அங்கே யாருக்குத் தெரியும்? போன மாதம் போனில் சித்தப்பா, "அது சனமெல்லாம் காலி பண்ணிட்டுப் போன ஊராச்சேடா, அங்க போயி என்ன பண்றே?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, நான் சொன்னதும் பொய்யில்லை. கேள்விக்குப் பாதி பதில் இந்தக் குழப்பத்திலேயே இருக்கிறது.

முதலில் எண்கள். 1950 கணக்கெடுப்பில் முதல் பத்து: நியூயார்க், சிகாகோ, பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ், டெட்ராய்ட், பால்டிமோர், கிளீவ்லாண்ட், செயின்ட் லூயிஸ், வாஷிங்டன், பாஸ்டன். 2020-இல் இதில் முதல் நாலு பேர் மட்டும்தான் பட்டியலில் மிச்சம். மற்ற ஆறு இடங்களில் ஹூஸ்டன், ஃபீனிக்ஸ், சான் அன்டோனியோ, சான் டியாகோ, டல்லஸ், சான் ஹோசே உட்கார்ந்திருக்கின்றன. டெட்ராய்ட் 18.5 லட்சத்திலிருந்து 6.4 லட்சத்துக்கு வந்துவிட்டது. 8.5 லட்சத்துக்கும் மேல் இருந்த செயின்ட் லூயிஸில் 2020-இல் 3 லட்சம் பேர்தான்.

வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் உங்களுக்கே தெரிந்திருக்கும். வடக்கே ஆலைகள் மூடின, தெற்கே வேலை வந்தது, ஏசி வந்தது. எல்லாம் நிஜம்தான். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் கொதித்தது. ஏசி இல்லாமல் அங்கே 16 லட்சம் பேர் குடியிருக்க முடியாது.

ஆனால் பட்டியல்களில் யாரும் எழுதாத ஒரு விஷயம் உண்டு: நகர எல்லைக் கோடு எங்கே போகிறது என்பது. 1950-இல் ஃபீனிக்ஸ் வெறும் 44 சதுர கிலோமீட்டர், 1.07 லட்சம் பேர். சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் நகரத்தோடு சேர்த்துச் சேர்த்து இன்று 1,300 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 2020-இல் அது பிலடெல்பியாவை ஐந்தாம் இடத்திலிருந்து தள்ளியது 4,342 பேர் வித்தியாசத்தில். பிலடெல்பியாவின் நிலப்பரப்போ 350 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. இதை ஓட்டப்பந்தயம் என்று எப்படிச் சொல்வது?

பிலடெல்பியாவுக்காக ரொம்பப் பரிதாபப்படவும் வேண்டாம். 1850-இல் அது 1.21 லட்சத்தோடு நாலாவது இடத்தில் இருந்தது. பால்டிமோரும் பாஸ்டனும் அதற்கு முன்னால். 1854-இல் சுற்றுவட்டார ஊர்களை எல்லாம் ஒன்றாக இணைத்தார்கள். 1860-இல் 5.65 லட்சத்தோடு இரண்டாமிடம்! நியூயார்க்கின் கதையும் இதேதான். 1890 பட்டியலில் புரூக்ளின் நாட்டிலேயே நாலாவது பெரிய தனி நகரம். 1898-இல் அதை நியூயார்க்கோடு சேர்த்தார்கள். 2020 கணக்கெடுப்பில் புரூக்ளினைத் தனியாக எண்ணினால் சுமார் 27.4 லட்சம், அதாவது சிகாகோவைவிடப் பத்தாயிரம் பேர் மட்டும் குறைவு.

எதிர்த்திசையில் போனது செயின்ட் லூயிஸ். 1876-இல் சுற்றியிருந்த கவுண்டியோடு (நம்மூர் மாவட்டம் மாதிரி) நமக்கு எதற்குப் பாடு என்று தனியாகப் பிரிந்தது. அப்போது போட்ட எல்லைதான் இன்றும். பிற்பாடு வளர்ச்சி எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே நடந்தது. சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம்.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன். டெட்ராய்ட்டின் எல்லை 1926-க்குப் பிறகு நகரவில்லை. வடக்கே அந்த எல்லை ஒரு தெரு: எய்ட் மைல் ரோடு. டிராயிலிருந்து வுட்வர்ட் அவென்யூ பிடித்துத் தெற்கே போனால், அந்தச் சாலையைத் தாண்டும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் உள்தெருக்களில் நுழைந்தால், சில இடங்களில் ஒரு வரிசைக்கு இரண்டு வீடு, நடுவில் எல்லாம் புல்.

எய்ட் மைலுக்குப் பக்கத்தில் ஒரு சுவர் இருக்கிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். 1941-இல் கட்டியது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்குப் பக்கத்தில் வெள்ளையருக்கு வீடு கட்டி விற்க நினைத்தவர், அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்க வேண்டும் என்பதற்காக நடுவில் எழுப்பிய சுவர். நான் போனபோது ஒரு பையன் அதன்மேல் பந்தை அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். பூங்கா ஒட்டிய பகுதியில் கலர் கலராக ஓவியம். கோடு போடுவது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

போருக்குப் பிறகு வீட்டுக்கடனும் நெடுஞ்சாலையும் வந்ததும் வெள்ளையர் கூட்டம் கூட்டமாக அந்த எல்லைக் கோட்டைத் தாண்டினார்கள். 1967 கலவரத்துக்கு அப்புறம் இன்னும் வேகமாக. கார் கம்பெனிகளின் வேலையும் வரிப்பணமும் கூடவே போயின. 2013-இல் டெட்ராய்ட் மாநகராட்சி திவாலானது. ஆனால் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து எண்ணினால் இன்றும் 43 லட்சத்துக்கு மேல். 1970-லும் ஏறக்குறைய அதே அளவுதான். சித்தப்பா நினைப்பதுபோல சனம் எங்கேயும் காணாமல் போகவில்லை. பெரும்பாலும் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது, நான் உட்பட.

எங்கள் டிராயும் சாமானியப்பட்ட ஊர் அல்ல. 1955 வரை இது வெறும் டவுன்ஷிப், அதாவது நகர அந்தஸ்து இல்லாத ஊர். பக்கத்து நகரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. அதைத் தடுக்கத்தான் முக்கியமாக இது தன்னை நகரமாக அறிவித்துக்கொண்டது. 2020-இல் 87,294 பேர்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இனிமே யாராவது கேட்டா எந்த ஊருன்னு சொல்றது?" என்றார். டெட்ராய்ட் என்றே சொல்லச் சொல்லிவிட்டேன்.