சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க்கிங் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறேன். நெட்வொர்க்கிங் சொற்களுக்கு அர்த்தம் தெரிகிறது, ஆனால் மாதிரித் தேர்வில் பாதிதான் சரியாக வருகிறது. எப்படிப் படிப்பது?

முதல் தடவை நான் ஃபெயில். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கதைதான் என் கதையும்.

நான் போன பயிற்சி மையத்தில் இருநூறு சொற்கள் கொண்ட ஒரு நோட்டைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். நடுராத்திரி எழுப்பி ஏஆர்பி என்றால் என்ன என்று கேட்டாலும், 'ஐபி முகவரியை வைத்து மேக் முகவரியைக் கண்டுபிடிக்கும் நெறிமுறை' என்று ஒப்பித்திருப்பேன். (ஐபி என்பது நெட்வொர்க்கில் ஒரு கருவியின் முகவரி, மேக் என்பது அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்.) தேர்வில் அப்படி யாரும் கேட்பதில்லை. ஒரு படத்தைக் காட்டி, இங்கிருந்து அங்கே போகும்போது என்ன நடக்கும் என்பார்கள். 120 நிமிடம்தான் நேரம், தாண்டி வந்த கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது. ஒப்பிக்கத் தெரிந்தவன் அங்கேதான் மாட்டுவான்.

ஃபெயிலான வாரம், நெட்வொர்க் வேலையில் இருந்த எங்கள் தெரு அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இங்கேயிருந்து கூகுளுக்கு பிங் போடறே. உன் லேப்டாப்பை விட்டு வெளியே போற ஃப்ரேமில் டெஸ்டினேஷன் மேக் யாரோடது?" என்றார். (பிங் என்பது எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கிற சிறு செய்தி. ஃப்ரேம் என்பது அதை அடுத்த நிறுத்தம்வரை சுமக்கும் உறை.)

"கூகுள் சர்வரோடது" என்றேன். கொஞ்சமும் தயங்கவில்லை.

அவர் ஒன்றும் சொல்லாமல் கமாண்ட் விண்டோவைத் திறந்து 'ஆர்ப் மைனஸ் ஏ' அடிக்கச் சொன்னார். லேப்டாப்புக்குத் தெரிந்த ஐபி, மேக் ஜோடிகளைக் காட்டும் கட்டளை அது. சில வரிகள்தான் வந்தன. 192.168.1.1 என்று எங்கள் வீட்டு ரௌட்டர், அதற்கு நேரே ஒரு மேக். அம்மாவின் ஃபோன், அதற்கு ஒரு மேக். கடைசியில் முழுக்க எஃப் எழுத்தாக ஒரு பிராட்காஸ்ட் முகவரி, அதாவது எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்புவதற்கான முகவரி. கூகுளைக் காணவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது: என் லேப்டாப்புக்கு கூகுளின் மேக் தெரியவே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வேறு நெட்வொர்க்குக்குப் போகிற எதுவாக இருந்தாலும் ஃப்ரேமை டீஃபால்ட் கேட்வேயின், அதாவது வீட்டு ரௌட்டரின், மேக்குக்கு எழுதி அனுப்பிவிடும். ஏஆர்பி கேட்பதும் கேட்வேக்காகத்தான்.

இதை இப்படி யோசியுங்கள். தென்காசியிலிருந்து மதுரையில் பஸ் மாறி சென்னைக்குப் போகிறீர்கள். போய்ச் சேர வேண்டிய ஊர் சென்னை. அது வழி முழுக்க மாறாது. ஆனால் முதலில் ஏறுகிற பஸ்ஸின் போர்டில் மதுரை என்றுதான் இருக்கும். மதுரையில் இறங்கி வேறு பஸ், வேறு போர்டு. நீங்கள்தான் பாக்கெட் (அனுப்பும் தரவு), சென்னை உங்கள் டெஸ்டினேஷன் ஐபி, பஸ்தான் ஃப்ரேம், போர்டுதான் டெஸ்டினேஷன் மேக். ஒவ்வொரு ரௌட்டரிலும் பழைய ஃப்ரேமைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய ஃப்ரேமில் ஏற்றுகிறார்கள். (நடுவில் நாட், அதாவது ஐபி முகவரியை மாற்றி எழுதும் ஏற்பாடு, வந்தால் அனுப்பியவரின் ஐபி மாறும். அது தனிக்கதை, இதை முதலில் பிடியுங்கள்.)

இதற்கப்புறம் அந்த நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். எந்தச் சொல் வந்தாலும் அதன் வரையறையை விட்டுவிட்டு, இதை யார் பார்க்கிறார், எந்த இடத்தில் இது மாறுகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். டிடிஎல்லை எடுத்துக்கொள்ளுங்கள், பாக்கெட் இன்னும் எத்தனை ரௌட்டர்களைத் தாண்டலாம் என்ற எண் அது. விண்டோஸ் பொதுவாக 128 என்று போட்டு அனுப்பும், லினக்ஸ் 64. வழியில் ஒவ்வொரு ரௌட்டரும் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். ஒரே நெட்வொர்க்குக்குள் கருவிகளை இணைக்கும் ஸ்விட்ச் இதைத் தொடவே தொடாது. பிங் பதிலில் டிடிஎல் 117 என்று வந்தால், 128-இல் கிளம்பியிருக்கும் பட்சத்தில் நடுவே 11 ரௌட்டர்கள். வழியிலுள்ள ரௌட்டர்களைக் காட்டும் ட்ரேஸ்ரூட் வேலை செய்வதும் இந்தக் குறைத்தலை வைத்துத்தான்.

அந்த டிடிஎல் ஐபி ஹெட்டரில்தான் இருக்கிறது, ஈதர்நெட் ஃப்ரேமில் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் ஸ்விட்சுகளுக்கு நடுவே ஒரு வளையம் உண்டாகிவிட்டால் பிராட்காஸ்ட் ஃப்ரேம் சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், பெருகிக்கொண்டும் போகும். வளையம் உண்டாகாமல் உபரி இணைப்பை அடைத்து வைக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற சொல்லின் தேவையே இங்கேதான் பிறக்கிறது. 1985-இல் டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) என்ற கணினி நிறுவனத்தில் இருந்தபோது ரேடியா பெர்ல்மன் இதை உருவாக்கினார். வேலை செய்யும் விதத்தை விளக்கி ஒரு கவிதையும் எழுதி வைத்தார். ரூட் பிரிட்ஜ், பிளாக்கிங் போர்ட், பிரிட்ஜ் பிரையாரிட்டி 32768 எல்லாம் இந்த ஒரு பிரச்சினையின் பிள்ளைகள். பிரச்சினையைப் பிடித்தால் பிள்ளைகள் பின்னாலேயே வரும்.

அடுத்து, ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிற இடங்கள். போர்ட் என்றால் ஸ்விட்சில் கேபிள் செருகுகிற ஓட்டையும் போர்ட்தான், தொலைவிலிருந்து ஒரு கருவிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் 22 என்ற எண்ணும் போர்ட்தான். கேள்வியில் எது என்று பார்க்க வேண்டும். இதைவிட மோசம் ட்ரங்க். சிஸ்கோ மொழியில், பல விலான்களை (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகளை) ஒரே கேபிளில் கொண்டுபோகிற இணைப்புக்கு ட்ரங்க் என்று பெயர், 802.1க்யூ என்ற 4 பைட் டேக்தான் எந்த ஃப்ரேம் எந்த விலான் என்று சொல்கிறது. எச்பியின் பழைய ப்ரோகர்வ் ஸ்விட்சுகளில் ட்ரங்க் என்றால் பல கேபிள்களைச் சேர்த்து ஒரே இணைப்பாக்குவது. சிஸ்கோ அதை ஈதர்சேனல் என்னும்.

என் முதல் வேலையில் சீனியர் ஒருவர் "அந்த ரெண்டு கேபிளுக்கும் ட்ரங்க் போட்டுடு" என்றார். நானும் சிசிஎன்ஏ பாஸான தெம்பில் இரண்டு போர்ட்டையும் சிஸ்கோ பாணி ட்ரங்க் ஆக்கிவிட்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு போர்ட்டில் பச்சை விளக்கு, இன்னொன்றில் ஆரஞ்சு. ஸ்பானிங் ட்ரீ ஒன்றை அடைத்து வைத்திருந்தது. அவர் கேட்டது ஈதர்சேனல். அவர் பல வருஷம் வேறு கம்பெனி ஸ்விட்சுகளில் வேலை பார்த்தவர். நல்லவேளை, எதுவும் விழவில்லை. இரண்டு கேபிளில் ஒன்று சும்மா கிடந்தது, அவ்வளவுதான்.

பெயரே ஏமாற்றுகிற சொற்களும் உண்டு. அட்மினிஸ்ட்ரேடிவ் டிஸ்டன்ஸில் தூரமே இல்லை. ஒரே ஊருக்கு இரண்டு பேர் வழி சொன்னால் யாரை நம்புவது என்கிற வரிசைதான் அது. நேரடி இணைப்பு 0, கையால் எழுதி வைத்த ஸ்டாட்டிக் வழி 1, ரௌட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கற்கும் நெறிமுறைகளில் ஓஎஸ்பிஎஃப் 110, ரிப் 120. எண் குறையக் குறைய நம்பிக்கை கூடும். மெட்ரிக் என்பது ஒரே ஆள் சொன்ன இரண்டு வழிகளில் எது தேவலை என்பது. ரௌட்டர் வைத்திருக்கும் வழிப்பட்டியலான ரூட்டிங் டேபிளில் அடைப்புக்குறிக்குள் 110/2 என்று பார்த்தால் முதலாவது நம்பிக்கை, இரண்டாவது மெட்ரிக்.

இதில் எல்லோரும் விழுகிற ஒரு பள்ளம் இருக்கிறது. டேபிளில் மூன்று வழிகள் (சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண், அதாவது மாஸ்க், முகவரியில் முதல் எத்தனை பிட்கள் பொருந்த வேண்டும் என்பது): 10.1.1.0/24 ரிப் மூலம், 10.1.0.0/16 ஓஎஸ்பிஎஃப் மூலம், 0.0.0.0/0 ஸ்டாட்டிக். 10.1.1.5-க்கு ஒரு பாக்கெட் வருகிறது. எந்த வழி? ஸ்டாட்டிக்குக்கு 1 தானே என்று கை அங்கேதான் போகும். தப்பு. ரிப் வழியில் போகும். முகவரியோடு அதிக பிட்கள் பொருந்துகிற வழிதான் முதலில் ஜெயிக்கும். நம்பிக்கை வரிசை பார்ப்பதெல்லாம் அதே நெட்வொர்க், அதே மாஸ்க் என்று இரண்டு பேர் சொல்லும்போது, டேபிளில் யாரை உட்கார வைப்பது என்பதற்குத்தான். 200-301 என்ற எண்ணுள்ள இந்த சிசிஎன்ஏ தேர்வில் ஐபி கனெக்டிவிட்டி பகுதிக்கு மட்டும் 25 சதவீதம். இந்த ஒரு பத்தியை விரல்நுனியில் வைத்திருப்பது லாபம்.

போர்ட் எண்கள், ஏழு லேயர்களின் பெயர், ஐபிவி6-இன் உள்ளூர் இணைப்பு முகவரி தொடங்கும் எஃப்இ80 மாதிரியானவை மனப்பாடம்தான், வேறு வழியில்லை. பாத்ரூம் கண்ணாடியில் ஒட்டுங்கள். ஒரு நெட்வொர்க்கைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங்குக்கு தினம் பத்து கணக்கு பேப்பரில். /26 என்றால் 64 முகவரி, 62 ஹோஸ்ட் என்று யோசிக்காமல் வர வேண்டும்.

தமிழில் படிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொற்களை ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், தேர்வுத் தாளில் திசைவி என்று வராது. (ஆனால் திசைவி நல்ல சொல், ரௌட்டர் என்ன செய்கிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.) விளக்கத்தை மட்டும் தமிழில் சொல்லிப் பாருங்கள். நான் என் தங்கையை உட்கார வைத்துச் சொன்னேன். அவள் பி.காம். கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி-யில் டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என்று நான்கையும் சொல்லி முடித்ததும், "ஆஃபர்னு ஒருத்தர் கொடுத்த பிறகு எதுக்கு மறுபடி ரிக்வெஸ்ட்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. போய்த் தேடினேன்: ஒன்றுக்கு மேற்பட்ட சர்வர்கள் ஆஃபர் கொடுத்திருக்கலாம், எதை எடுத்துக்கொண்டேன் என்பது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும், அதனால்தான் அந்த ரிக்வெஸ்டும் பிராட்காஸ்டாகப் போகிறது.

கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம்தான். அதில் சிமுலேஷன் மோடைப் போட்டு இரண்டு ரௌட்டர், நான்கு பிசி வைத்து ஒரு பிங் விடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உறையைக் கிளிக் செய்து, மேக் மாறியிருக்கிறதா, டிடிஎல் ஒன்று குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் பிங்கே தோற்றுப்போகும். பயப்படாதீர்கள், அங்கே ஏஆர்பி வேலை செய்துகொண்டிருக்கிறது.