பெர்லில் லாகின் ஏன் நிற்பதில்லை?

வேலூர் காந்தி ரோடு லாட்ஜுக்காகப் பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதும் அறைப் பதிவுத் திரை, லாகின் செய்தவரை அடுத்த பக்கத்திலேயே மறந்துவிடுகிறது என்கிறீர்கள். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கே ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள்தான். அதனால் சாவியோடு தரும் எண் வில்லை மாதிரி ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதுதான் குக்கி: பிரவுசர் வைத்திருந்து ஒவ்வொரு கோரிக்கையிலும் திருப்பிக் காட்டும் சின்னக் குறிப்பு. வில்லையில் எண் மட்டும், விவரமெல்லாம் லெட்ஜரில், அதாவது சர்வரின் டேட்டாபேஸில். எண்ணை 101, 102 என்று வரிசையாகக் கொடுத்தால் பக்கத்து அறைக்காரர் உள்ளே வந்துவிடுவார்! பெர்ல் மொழியில் தற்செயல் எண் தரும் ராண்டும் (rand) இதற்கு ஆகாது, அது தரும் எண்ணை ஊகிக்கலாம். லாகின் ஆனதும் எண்ணை மாற்றிவிடுங்கள்.

அப்புறம், வலைப் பக்கங்களுக்கான பழைய பெர்ல் தொகுதியான சிஜிஐ.பிஎம் (CGI.pm), 2015-இல் வந்த பெர்ல் 5.22-இலேயே பெர்லோடு சேர்ந்து வரும் தொகுப்பிலிருந்து போய்விட்டது. நான் பெர்லுக்கான வலைச் சட்டகமான மோஜோலிசியஸைத்தான் எடுப்பேன். அதில், மேலே சொன்ன லெட்ஜர் முறைக்கு மாறாக, செஷன் விவரம், அதாவது லாகின் செய்தவர் பற்றிய குறிப்பு, வழக்கமாகக் கையொப்பமிட்ட குக்கியிலேயே போகும்: யாரும் திருத்த முடியாது, ஆனால் படிக்கலாம். கடவுச்சொல்லை அதில் வைக்காதீர்கள்.