கோடை விடுமுறையில் பிள்ளைகள் தமிழில் படிக்கவும் கேட்கவும் என்ன கொடுக்கலாம்?

8 வயதில் மகளும் 12 வயதில் மகனும் இருக்கிறார்கள், மொபைலைக் குறைத்துவிட்டுக் குடும்பமாகச் சேர்ந்து படிக்கிற மாதிரியோ கேட்கிற மாதிரியோ ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வெளிமாநிலத்தில் இருக்கிறீர்கள், பிள்ளைகள் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கச் சொன்னால் மட்டும் எழுத்துக் கூட்டுவார்கள் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். எங்கள் வீட்டில் அப்படித்தான் என்பதால் எல்லார் வீட்டிலும் அதே கதைதான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

நாங்கள் இருப்பது பெங்களூரு. பள்ளியில் இந்தியும் கன்னடமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. நான்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காரவைத்து ‘அ, ஆ’விலிருந்து சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது ஒருவர் பத்திரிகையை மகன் கையில் கொடுத்து “வாசி பாப்போம்” என்பார். அவன் மென்று விழுங்குவான். உடனே என் முகத்தைப் பார்ப்பார்கள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் நான் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் பார்வைதான் காரணம்.

முதலில், என்ன செய்யக் கூடாது என்பதை என் செலவிலேயே சொல்லிவிடுகிறேன். 2024 கோடைக்கு ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் வாங்கினேன். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று அட்டவணை போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். (கல்கி ரசிகர்கள் கம்பெடுத்து வர வேண்டாம். நானும் ரசிகைதான், அதனால்தான் வாங்கினேன்.) முதல் வரியிலேயே ஓடத்தில் ஏறச் சொல்லி நம்மை அழைக்கிறார் கல்கி. என் மகன் கரையிலேயே நின்றுவிட்டான். ஆனால் பக்கத்துக்கு நடுவில் வைத்த அடையாள அட்டை மட்டும் தினமும் ஒழுங்காகப் பத்துப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. நானும் மகிழ்ந்துபோய் அக்காவிடம் போனில் பீற்றிக்கொண்டேன். எட்டாவது நாள் தற்செயலாகத்தான் கேட்டேன், “ஆழ்வார்க்கடியான் யாருடா?” என்று.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “அந்த ஹீரோவோட குதிரை.”

அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

அந்த மே மாதம் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. கோவில்பட்டிக்குப் போனோம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் 38 வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இடது கண்ணில் சின்ன வயதிலிருந்தே பார்வை மட்டு, வலது கண்தான் எல்லாம். அதில் இப்போது லென்ஸ் வைத்தாயிற்று. தூரத்தில் இருப்பது தெரியும், கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது. புதுக் கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான் எழுதித் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் பேப்பர் படிக்காமல் அவருக்குக் காபி இறங்காது. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சொட்டு மருந்துக்கு மணி பார்த்துக்கொண்டு, ஈஸி சேரில் கிடந்து எங்களையெல்லாம் படுத்தி எடுத்தார்.

மூன்றாவது நாள் பேரனைக் கூப்பிட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார். வாசிக்கிற வேலை, பக்கத்துக்கு 2 ரூபாய். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாக. அது அவர்கள் இரண்டு பேருக்குள்ளான ஒப்பந்தம். அட்டை கிழிந்த ஒரு பழைய பேரேட்டில் கணக்கு ஏறியது. தாத்தாவுக்கு எழுத்து தெரியாததால் பேரனே எழுதிக்கொள்வான், தாத்தா கூட்டிச் சொல்வார்.

முதல் நாள் ஒரு விபத்துச் செய்தியை வாசிக்க அவனுக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. அப்பா அவசரப்படுத்தவில்லை, வேறு போக்கிடமும் இல்லையே அவருக்கு. ‘ழ’ தவறினால் மட்டும் நிறுத்துவார். நான் ஞாயிற்றுக்கிழமை திருத்தினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன், தாத்தா திருத்தினால் திரும்ப வாசித்தான். நான் திருத்தியது அவனுக்காக. தாத்தாவுக்கோ நிஜமாகவே செய்தி புரிய வேண்டியிருந்தது. இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

ஒரு வாரத்தில் பேப்பர் சலித்துவிட்டது. பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். அப்பா இளவட்டமாக இருந்தபோது வாங்கிச் சேர்த்த முத்து காமிக்ஸ். சிவகாசியிலிருந்து 1972-இல் வரத் தொடங்கியது, முதல் கதையே ‘இரும்புக்கை மாயாவி’. ஸ்டேப்ளர் பின்னெல்லாம் துருப்பிடித்து, தாள் பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிர்ந்தது. மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். இதைக் கண் தெரியாத ஆளுக்கு வாசித்துக் காட்டிப் பாருங்கள்!

“தாத்தா, இப்போ கை மட்டும் தெரியுது. ஆளைக் காணோம்.”

“எனக்குக் கையையும் காணோம்லே. கை என்ன செய்யுது, அதைச் சொல்லு.”

அங்கேதான் விஷயம் மாறியது. பலூனுக்குள் இருக்கிற வசனத்தை வாசித்தால் மட்டும் கதை நகராது. ஒவ்வொரு கட்டத்திலும் யார் எங்கே நிற்கிறார்கள், விளக்கு எரிகிறதா, கதவு திறந்திருக்கிறதா என்று அவனே சொந்தமாகச் சொல்ல வேண்டும். “ஒருத்தன் நிக்கான்” என்றால் அப்பா விட மாட்டார், “எப்படி நிக்கான்?” என்பார். அவன் “சாஞ்சு நிக்கான்” என்பான். “எதுல சாஞ்சு?” என்று அடுத்த கேள்வி வரும். என் 8 வயது மகள் நடுவில் புகுந்து வெடிச் சத்தம், கார் பிரேக் சத்தம் எல்லாம் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கூலி நாளுக்கு ஒரு கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்தான், புவிசார் குறியீடு வாங்கியது.

காமிக்ஸ் தொடங்கிய ஐந்தாவது நாள் கூலித் தகராறு. காமிக்ஸில் பக்கத்துக்கு நாலு வரிதான் இருக்கிறது, 1 ரூபாய் போதும் என்றார் அப்பா. படத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், அதனால் 3 ரூபாய் என்றான் மகன். ஆச்சி பஞ்சாயத்து செய்து 2 ரூபாயிலேயே நிறுத்தினாள்.

இன்னொரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். கி. ராஜநாராயணன் எங்கள் பக்கத்து இடைசெவல்காரர், அப்பாவுக்கு அவர் எழுத்து என்றால் உயிர். “அலமாரியில கி.ரா. புத்தகம் இருக்கும், எடுத்துட்டு வா” என்று அனுப்பினார். பையன் எடுத்து வந்தது ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’. அந்தத் தலைப்பை மட்டும் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒரே மூச்சில் வாசித்தான்! அப்பா பதறிப்போய்ப் புத்தகத்தைப் பிடுங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். உங்கள் வீட்டிலும் அலமாரியை ஒரு முறை பார்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு என்றால் அவருடைய ‘பிஞ்சுகள்’ இருக்கிறது. பறவை முட்டை தேடித் திரிகிற கரிசல்காட்டுப் பையனின் கதை, சின்னப் புத்தகம். வட்டார வழக்கு முதலில் முரண்டு பிடிக்கும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் போதும்.

சரி, நூலகம் போங்களேன் என்று யாராவது கீழே எழுதுவீர்கள். போனேன். ஊர் பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அது தெரியும். சனிக்கிழமை போனால் இரண்டாவது சனிக்கிழமை, அதுவும் விடுமுறை, என் தப்பு. செவ்வாய்க்கிழமை போனால் குழந்தைகள் பகுதி அலமாரி பூட்டிக் கிடக்கிறது, சாவி வைத்திருப்பவர் கூடுதல் பொறுப்பில் இன்னொரு கிளைக்குப் போயிருக்கிறார். கத்திரி வெயிலில் காற்றாடி ஓடவில்லை. 1948-லேயே சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. அப்பா கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்கென்றே போகிறது. பழைய ரசீதுகளை எல்லாம் அவர் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார், வேண்டுமானால் காட்டுவார். அந்தக் காசில் ஒரு காற்றாடிக்கு என்ன குறைச்சல்? அங்கே தனியாக நின்று சமாளித்த அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை, அவர் பாவம், மோரெல்லாம் வாங்கிக் கொடுத்தார். மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பிரிவு அருமையாக இருக்கிறது. ஆனால் விடுமுறைக்குப் பிள்ளைகள் வருவது ஆச்சி ஊருக்குத்தானே, கோட்டூர்புரத்துக்கா?

எங்கோ போய்விட்டேன். உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்கள் சின்னவளுக்கு ஸ்டோரிவீவர் தளத்தைப் பாருங்கள். பிரதம் புக்ஸ் நடத்துவது, காசு கிடையாது. தமிழ்க் கதைகள் நிலை வாரியாகப் பிரித்திருக்கும். சிலவற்றில் குரலும் உண்டு, வாசிக்க வாசிக்க வரி நிறம் மாறிக்கொண்டே வரும். மொபைலைக் குறைக்க வழி கேட்டால் மொபைலையே காட்டுகிறாயே என்று கேட்பீர்கள். ஆமாம், காட்டுகிறேன். அதை டிவியில் இணைத்து நாங்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம், அவ்வளவுதான் என் சமாதானம். அப்புறம் அழ. வள்ளியப்பா பாட்டுகள். அவற்றைக் கண்ணால் படிக்கக் கூடாது, கத்திப் பாட வேண்டும். மாம்பழம் அறுக்கும்போது மாம்பழப் பாட்டைப் பாடாத வீடு இந்தப் பருவத்தில் இருக்கவே கூடாது.

இரண்டு பேருக்கும் சேர்த்து என்றால் பரமார்த்த குரு. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதியது. மூல நடை கொஞ்சம் பழசு, எளிய நடையில் பல பதிப்புகள் கிடைக்கின்றன. ஆறு விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பதும், அக்கரைக்குப் போய் ஆளாளுக்குத் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒருவரைக் காணோம் என்று ஒப்பாரி வைப்பதும் வருகிற முதல் கதையை வாசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் மகள் எழுந்து நின்று அவர்களுக்குப் பதிலாக எண்ணிக் காட்டினாள். அவளும் தன்னையும் சேர்த்து எண்ணிவிட்டதால் ஒரு ஆள் கூடிப்போனது வேறு விஷயம்.

பெரியவனுக்கு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. கோவில்பட்டிக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை (கொஞ்சம் அதற்காகவும்தான்). 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் (சிறார் இலக்கியத்துக்கான சாகித்திய அகாதெமி விருது) வாங்கிய, கீழடியை வைத்து எழுதிய நாவல். இதை வாசித்து முடித்த கையோடு பிள்ளைகளைக் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள், மதுரையிலிருந்து பக்கம்தான். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழி என்ற பழைய எழுத்தில் ‘ஆதன்’ என்ற பெயர் இருக்கிறது. என் மகன் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாக அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு போனான். நாங்கள் மூன்று பேரும் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தோம். எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020-இல் அதே விருதை வாங்கியது. தவறான தொடுகையைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியாமல் இருந்த எனக்கு அது பெரிய உதவி. நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகு வந்த விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025-இல் வாங்கியது.

கேட்பதற்கு? வேறு யாருமில்லை, பொன்னியின் செல்வனேதான். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் முழு நாவலையும் பல பேர் வாசித்துப் பதிவேற்றியிருக்கிறார்கள். குரல் பிடித்ததாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், பின்னணி இசை அதிகம் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். கோவில்பட்டியிலிருந்து பெங்களூரு திரும்பிய ரயிலில், ராத்திரி, ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம். வீரநாராயண ஏரி வந்தது, ஆடிப்பெருக்குக் கூட்டம் வந்தது. திண்டுக்கல் தாண்டியிருக்கும், மேல் பெர்த்திலிருந்து தலை தொங்கியது. “அம்மா, அது குதிரை இல்லம்மா. தடி வச்சுக்கிட்டு எல்லார்கூடயும் சண்டை போடறவன்.” இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறான். கேட்பான், பிடித்த இடம் வந்தால் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடுவான். அட்டவணை கிடையாது.

உங்கள் வீட்டில் கண் அறுவை சிகிச்சை செய்த தாத்தா இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கீரை ஆய்கிற ஆச்சி, துணி மடிக்கிற அப்பா, கை ஓய்வில்லாத யார் இருந்தாலும் சரி, அவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காசு கொடுத்துப் படிக்கவைப்பது தப்பு என்பவர்கள் இருப்பீர்கள். இருக்கலாம். எங்கள் வீட்டில் கொடுத்தவர் கொடுத்தார், நான் குறுக்கே போகவில்லை.

கொடுத்தார் என்று எழுதியதும் அவ்வளவு சரியில்லை. ஜூன் முதல் வாரம் புதுக் கண்ணாடி வந்ததும் அப்பா முதலில் எடுத்து வாசித்தது அந்தப் பேரேட்டைத்தான். பேரன் கணக்குப்படி 614 ரூபாய். அப்பா பெட்டியிலிருந்த காமிக்ஸ்களை எல்லாம் எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இவன் சொல்லாமல் தாண்டிப்போன கட்டங்களைக் கண்டுபிடித்து 46 ரூபாய் பிடித்தம் செய்துவிட்டார். அந்த 46 ரூபாய் இன்னும் தீரவில்லை. போன வாரம்கூட போனில் இரண்டு பேருக்கும் அதைப் பற்றித்தான் வாக்குவாதம்.