38 வயதில் இளையோர் நாவல் படிப்பதும் கைவேலை செய்வதும் சின்னப்பிள்ளைத்தனமா?

புதிதாக வரும் இளையோர் நாவல்களைத் தேடிப் படிக்கிறீர்கள், மிச்ச நேரத்தில் கையால் எதையாவது செய்துகொண்டிருக்கிறீர்கள், வீட்டில் "இந்த வயசுல இதெல்லாம் தேவையா" என்கிறார்கள், இது தவறா என்று பெயர் போடாமல் கேட்டிருக்கிறீர்கள். பெண் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஆணாக இருந்து அதே நேரத்தில் ஐபிஎல் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. மாமியார் வீட்டில் இருக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும், பதில் ஒன்றும் மாறப்போவதில்லை.

தவறில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே கேள்வியை நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவள் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

எனக்கு 46 வயது. திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒயர் கூடை பின்னுவேன். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சு எல்லாம் வரும். கூடவே ஆங்கிலத்தில் வரும் இளையோர் நாவல்களை, முக்கியமாகப் புதிதாக வருபவற்றை, விடாமல் படிப்பேன். கை கூடையில் இருக்கும்போது ஆடியோவாகக் கேட்பேன். 'தி ஹங்கர் கேம்ஸ்' வரிசையில் 2025 மார்ச்சில் புதுப் புத்தகம் வந்தபோது அதற்காகவே ஒரு நாள் சாதாரண விடுப்பு எடுத்தேன். காரணம் 'சொந்த வேலை' என்று எழுதினேன், பொய்யில்லை.

"பெரியவங்க புக்கு படிக்க வராதா?" என்று கேட்கிறவர்களுக்கு: வரும், படிக்கிறேன். ஆனால் பதினான்கு வயதில் எனக்குப் படிக்க என்ன இருந்தது? பத்து பன்னிரண்டு வயது வரை ராணி காமிக்ஸ், அம்புலிமாமா. அதற்கப்புறம் நேராக அப்பா ரயிலில் படிக்க வாங்கும் மாத நாவல். முதல் அத்தியாயத்திலேயே பிணம். நடுவில் ஒன்றுமே கிடையாது. உடம்பு மாறுகிறது, சிநேகிதி திடீரென்று பேசுவதை நிறுத்துகிறாள், அம்மாவைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. இதையெல்லாம் நம் வயதுக்காரி ஒருத்தி தன் வாயால் சொல்லும் ஒரு கதை எங்கள் தெரு நூலகத்தில் என் கைக்குக் கிடைத்ததில்லை. அப்போது கிடைக்காததை இப்போது வாங்கிப் படிக்கிறேன். என் சம்பளம், என் கண்.

அமெரிக்காவில் இந்த இடைவெளியை ஒரு பள்ளி மாணவியே நிரப்பினாள். எஸ்.இ. ஹிண்டன் 'தி அவுட்சைடர்ஸ்' எழுத ஆரம்பித்தபோது அவருக்குப் பதினைந்து பதினாறு வயது. 1967இல் அது புத்தகமாக வந்தபோது 18. நம் பக்கம் சாகித்ய அகாடமி சிறார் இலக்கியத்துக்கென்று தனியாகப் பால சாகித்ய புரஸ்கார் கொடுக்க ஆரம்பித்ததே 2010இல்தான். அதற்கப்புறம் தமிழிலும் நல்லது வருகிறது, குறை சொல்ல மாட்டேன். 2020இல் விருது வாங்கிய யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் தொல்லையை ஒரு மரப்பாச்சி பொம்மையை வைத்துப் பேசும். 2023இல் வாங்கிய உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல். இதையெல்லாம் பெரியவர்கள் படிக்கக் கூடாது என்று எந்த அட்டையிலும் அச்சடிக்கவில்லை.

"ஆராய்ச்சி இருக்கா?" என்று கேட்கும் ஆட்களும் இங்கே உண்டு. இருக்கிறது. 2012இல் அமெரிக்காவில் பவுக்கர் என்ற நிறுவனம் எடுத்த கணக்கில், 12 முதல் 17 வயதுக்காரர்களுக்கென்று பதிப்பகங்கள் போடும் புத்தகங்களை வாங்குபவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதைத் தாண்டியவர்கள். அதிலும் அதிகம் பேர் 30 முதல் 44 வரை. பிள்ளைக்காக வாங்குகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது, பெரும்பாலும் தாங்கள் படிக்கத்தான் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சரியாக அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்.

இனி கைவேலை. என் வயிற்றெரிச்சல் முழுக்க இதில்தான்.

புத்தகம் படித்தால் "சின்னப்பிள்ளையா நீ" என்பார்கள். கைவேலை செய்தால் அதைக்கூடச் சொல்ல மாட்டார்கள். "நல்லா இருக்கே, இதை வச்சு சம்பாதிக்கலாமே" என்பார்கள். பாராட்டு மாதிரி கேட்கும். அதன் அர்த்தம், காசு வராத வரைக்கும் நீ செய்வது வெட்டி வேலை என்பதுதான்.

என் பெரிய நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்து பத்திரிகைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். திடீரென்று அந்த நாத்தனார் (அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்), "ரிட்டர்ன் கிஃப்டுக்குக் கவலையே இல்லை, நம்ம வீட்டு ஆளே இருக்கா, 60 சின்ன கூடை போட்டுத் தந்துருவா" என்றார். என்னைக் கேட்கவில்லை. ஒயருக்கு மட்டும் காசு தருகிறாராம். நாள் மூன்று வாரம்தான்.

"முடியாது அண்ணி" என்றேன்.

"ஏம்மா, சும்மாதானே பின்றே?"

"சும்மா பின்றேன், அதனாலதான் முடியாது."

அப்புறம் அந்த வீட்டில் டம்ளர் வைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் பத்திரிகைக் கவரை நாக்கால் ஈரப்படுத்துவதில் மும்முரமாகிவிட்டார். நான் சும்மா விட்டுவிட்டு வரவில்லை. ஸ்ரீரங்கம் பக்கம் மகளிர் குழுவில் கூடை போட்டுப் பிழைக்கும் ஒரு அம்மாவின் நம்பரைக் கொடுத்தேன். அவர் சொன்ன விலை அண்ணிக்கு அதிகமாகத் தெரிந்தது. கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் டப்பா வாங்கிக் கொடுத்தார்கள். இன்று வரைக்கும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அண்ணி என்னிடம் "சாப்டாச்சா" என்பதோடு சரி.

இதைப் படித்துவிட்டு "சம்பளம் வர்றவ, பேசுவா" என்று யாராவது சொல்வீர்கள். சரிதான், சம்பளம் வருகிறது. கூடை போட்டுக் குடும்பம் நடத்துகிறவர்களை நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லவில்லை. அவர்களிடம் பேரம் பேசாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒயர் இழுத்து இழுத்து ஆள்காட்டி விரல் மடிப்பில் ஒரு கோடு விழும், பார்த்திருக்கிறீர்களா? தலைக்குக் குளிக்கும்போது சீயக்காய் பட்டால் அந்த இடம் எரியும். அந்தக் கோட்டுக்கும் சேர்த்துத்தான் விலை. நான் அதை விற்கவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அதில் என்ன கிடைக்கிறது? அண்ணன் மகள் கிடைத்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். லீவுக்கு வந்தால் போனோடு மூலையில் ஒதுங்கிவிடுவாள், "ம்" தவிர பேச்சு கிடையாது. ஒருநாள் நான் கூடைக்கு அடி போட்டு முடித்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். போடுகிறவர்களுக்குத் தெரியும், அந்த முதல் சுற்றில்தான் விஷயம். மூலையில் திரும்பும் முடிச்சை இழுத்து இறுக்காவிட்டால் கூடை பார்க்க அழகாக இருக்கும், தக்காளி போட்டதும் ஒரு பக்கம் சாயும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு மூலையை அவள் கையில் கொடுத்தேன். போனில் 'ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் 'மாக்கிங்ஜே' ஆடியோவாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஃபின்னிக் என்று ஒருவன். மனசு கலங்கும்போதெல்லாம் ஒரு துண்டுக் கயிற்றை வைத்து முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே இருப்பான். கதாநாயகிக்கும் கொஞ்சம் கயிறு கொடுப்பான், அவளும் போடுவாள்.

"அத்தை, இவன் உன்னை மாதிரியே" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, வகுப்பில் ஒரு கூட்டம் தன்னை வாட்ஸாப் குழுவிலிருந்து தூக்கிவிட்டதைச் சொன்னாள். முகத்தைப் பார்க்காமல், முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அம்மாவுக்கு அதுவரை அது தெரியாது. அந்தப் புத்தகத்தை நான் படிக்காதவளாக இருந்திருந்தால், என் கையும் சும்மா இருந்திருந்தால், என்னிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. கைவேலை தெரிந்த ஆள் என்று தெருவில் பெயர் வந்தால் அடுத்து வருவது பள்ளிக்கூட ப்ராஜெக்ட். ராத்திரி ஒன்பது மணிக்குக் காலிங் பெல். "அக்கா, நாளைக்குக் காலைல பையனுக்கு சோலார் சிஸ்டம் மாடல் கொண்டு போகணும், உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை." தெர்மகோல் உருண்டையோடு வருவார்கள். பையன் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருப்பான். மூன்றாம் வகுப்புப் பிள்ளையால் செய்யவே முடியாத ஒன்றைச் செய்யச் சொல்லி, அதற்கு மார்க்கும் போட்டு, மிக அழகாக இருப்பதைக் கண்காட்சியில் வைக்கிறார்கள். யார் செய்தது என்று அந்த டீச்சருக்குத் தெரியாதா? பிள்ளை கோணல்மாணலாக ஒட்டிய சனிக் கிரகத்துக்கு ஒரு பள்ளியாவது முதல் பரிசு கொடுக்கட்டும், நான் போய் சால்வை போர்த்திவிட்டு வருகிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் யாரிடமும் விளக்கம் சொல்லாதீர்கள். "மனசுக்கு நல்லது", "ஸ்ட்ரெஸ் குறையும்" என்று மருந்துச் சீட்டு மாதிரி காரணம் காட்ட ஆரம்பித்தால், அடுத்த தடவை ஸ்ட்ரெஸ் இல்லையே, எதுக்குப் படிக்கிறே என்பார்கள். பிடித்திருக்கிறது என்று சொன்னால் போதும். யாராவது 60 கேட்டால் நம்பர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நீங்கள் என்ன கைவேலை செய்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே, கமெண்டில் சொல்லுங்கள்.

கமெண்டில் "மேடம், கூடை என்ன விலை" என்று கேட்கப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: விற்பதில்லை. யூடியூப் சேனலும் கிடையாது.