குதிகால் வலி: ஓய்வு எடுத்தும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கேள்வி: எனக்கு 41 வயது. வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தேன். ஏழு மாதமாக வலது குதிகால் நரம்பில் வலி. முழு ஓய்வு எடுத்தால் அடங்குகிறது, ஓட ஆரம்பித்த மூன்றாம் நாளே திரும்பிவிடுகிறது. மூன்று முறை இப்படி ஆகிவிட்டது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘நாண் சிதைவு’ என்று இருக்கிறது. என் ரத்தத்திலிருந்தே தட்டணு நிறைந்த திரவத்தைப் பிரித்துச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசியைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். போடலாமா? இனி ஓடவே முடியாதோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்களால் ஓட முடியும். ஏழு மாதமாக யாரும் அதை உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி இப்போது வேண்டாம்.

நரம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் அது நாண், அதாவது கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் தடித்த கயிறு. இதை நான் விடாமல் திருத்துவதற்குக் காரணம் உண்டு. நரம்பு என்றதும் யாராவது நரம்புச் சத்து மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் பி12 விழுங்கிவிட்டு வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மாத்திரையால் நாண் வலுப்பெறாது. அதற்குப் பளு வேண்டும்.

ஓய்வில் வலி அடங்குவது உண்மைதான். ஆனால் அந்த வாரங்களில் நாணின் தாங்கும் திறன் குறைகிறது, கெண்டைக்கால் தசையும் மெலிகிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் அந்த நாண் உங்கள் உடல் எடையைப் போலப் பல மடங்கு இழுவையைத் தாங்க வேண்டும். வலி இல்லை என்பதை மட்டும் பார்த்து நேராக ஐந்து கிலோமீட்டர் ஓடினால் மூன்றாம் நாள் என்ன ஆகும்? உங்களுக்கு மூன்று முறை ஆனதுதான். ‘சிதைவு’ என்ற சொல்லும் பயமுறுத்த வேண்டாம். வலியே இல்லாமல் ஓடுபவர்களின் நாணிலும் ஸ்கேனில் அப்படி மாற்றங்கள் தெரிவதுண்டு.

இதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை. ஸ்கேனுக்கு அரை மணி நேரம், அறிக்கையைப் புரட்ட மூன்று நிமிடம், சீட்டில் ‘முழு ஓய்வு’ என்று இரண்டு சொல். பிசியோதெரபிக்கு அனுப்பினாலும், பல இடங்களில் பத்து நாள் படுக்கவைத்துக் கருவிகளைக் காலில் ஒட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, குதிகாலை எத்தனை முறை தூக்க முடிகிறது என்று எண்ண ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை. என் தொழில் என்பதால் எனக்கு இதில் கோபம் அதிகம்.

சரி, நீங்களே எண்ணிப் பாருங்கள். சுவரில் விரல் நுனிகளை மட்டும் வையுங்கள், சாய வேண்டாம். முழங்கால் நீட்டியபடி ஒற்றைக் காலில் குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி மெதுவாக இறக்குங்கள். உயரம் குறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இடது காலில் 25 வந்து வலது காலில் 11தான் வந்தால், உங்கள் ஏழு மாதக் கதை அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

1998இல் ஸ்வீடனில் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவரின் குழுவினர், நாணின் நடுப்பகுதியில் நாள்பட்ட வலியோடு இருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி கொடுத்தார்கள். படிக்கட்டின் விளிம்பில் நின்று, வலியுள்ள காலில் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, தினமும் இருவேளை, 12 வாரம். வலி குறையக் குறைய முதுகுப்பையில் எடை ஏற்றினார்கள். 15 பேரும் பழையபடி ஓடத் திரும்பினார்கள்.

இங்கே ஒரு விலக்கு உண்டு. இதைக் கவனிக்காமல் விட்டதால் கெட்டுப்போன கால்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வலி எந்த இடத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் நாணைக் கிள்ளியபடி மேலிருந்து கீழே வாருங்கள். குதிகால் எலும்புக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே கிள்ளும்போது வலித்தால் அது நடுப்பகுதி, மேலே சொன்ன பயிற்சி பொருந்தும். எலும்போடு ஒட்டும் இடத்திலேயே, காலணியின் பின்விளிம்பு உரசும் இடத்தில் வலித்தால் கதை வேறு. குதிகால் படிக்குக் கீழே இறங்கும்போது அங்கே நாண் எலும்பின் மேல் அழுந்துகிறது. 2003இல் அதே பயிற்சியைப் பரிசோதித்தபோது நடுப்பகுதி வலியில் பத்துக்கு ஒன்பது நாண்களுக்குப் பலன் கிடைத்தது, ஒட்டும் இடத்து வலியில் பத்துக்கு மூன்றுக்குத்தான். 2008இல் சமதரையில் நின்று, தரைக்குக் கீழே இறங்காமல் செய்யவைத்தபோது மூன்றில் இரண்டு பங்குப் பேர் தேறினார்கள். ஆகவே இந்த வகை என்றால் படிக்கட்டு வேண்டாம், தரையிலேயே செய்யுங்கள். கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியையும் நிறுத்துங்கள். ‘நல்லா இழுத்து விடுங்க’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சில மாதங்களுக்குக் குதிப்பகுதி சற்று உயர்ந்த காலணியில் நடங்கள்.

பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும். படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். நேற்றைவிட விறைப்பு அதிகமென்றால் நேற்றைய பளு அதிகம், ஒரு படி குறையுங்கள்.

இனி ஊசி. 2010இல் நெதர்லாந்தில் 54 பேரில் பாதிப் பேருக்கு பி.ஆர்.பி.யும் மீதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் செலுத்தி, எல்லோரையும் பயிற்சி செய்யவைத்தார்கள். 24 வாரத்துக்குப் பின் இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ‘மூன்று ஊசி ஒரே பேக்கேஜ், இன்று பணம் கட்டினால் சலுகை’ என்று பேசுகிறவர் உங்கள் அவசரத்தை விலைக்கு வாங்குகிறார். ஓட்டப் பயிற்சியாளரே அந்த மையத்துக்கு அனுப்பினால், அவருக்கு அதில் பங்கு உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். ஸ்டீராய்டு ஊசி பற்றி எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு. சில வாரம் வலியை மறைக்கும், நாண் அறுந்துபோகும் அபாயத்தையும் கூட்டும். திடீரென்று ‘டப்’ என்று பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் உணர்ந்து, காலை ஊன்றித் தள்ள முடியாமல் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எப்போது ஓடலாம்? வலது காலின் எண்ணிக்கை இடது காலை நெருங்கி, அரை மணி நேர வேக நடைக்கு மறுநாள் விறைப்பு இல்லை என்றால் தொடங்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து முறை. அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான், ஏனென்றால் ஓடியபின் ஒன்றரை நாள் வரை நாணில் கட்டுமானத்தைவிடத் தேய்மானமே அதிகம். வேகமும் மேடும் கடைசியில்.

மூச்சுத்திறன் போய்விட்டதே என்ற கவலைக்கு ஒரு கணக்கு: நன்கு பயிற்சி பெற்றவர்கள் அடியோடு நிறுத்தியபோது மூன்று வாரத்தில் 7 சதவீதமும், எட்டு வாரத்தில் 16 சதவீதமும் குறைந்தது, அதன்பின் பெரிதாகக் குறையவில்லை என்று 1984ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. சைக்கிளும் நீச்சலும் அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றும். மூச்சுத்திறன் சில வாரத்தில் திரும்பிவிடும், நாணுக்கு மாதங்கள் வேண்டும். ஆறாவது வாரம் மூச்சு ‘இன்னும் ஓடு’ என்று சொல்லும்போதுதான் பலர் நான்காவது முறையும் காயப்படுகிறார்கள். அந்த வாரத்தில் பழைய நண்பர்களோடு ஓடாதீர்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள், நேரம் குறித்துக் கொடுங்கள், ஓட்டம் மட்டும் தனியாக, கையில் கடிகாரத்தோடு.

12 வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். வலி எவ்வளவு என்பதோடு, இடது காலில் எத்தனை, வலது காலில் எத்தனை என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.