கத்தி வைக்காமல் ஸ்கேன் பார்த்தே வைத்தியம் செய்கிறார்களாமே, அது உண்மையா?

உண்மைதான், நீங்கள் நினைப்பதைவிடப் பல வருடங்களாகவே நடக்கிறது. ஆனால் கேள்விக்குக் கீழே "கொழும்பில் இருக்கிற பெரிய மெசின் இங்கே வந்தால்தானே அதெல்லாம் முடியும், கல்முனையில் இருக்கிற எங்களுக்கு இதனால் என்ன பிரயோசனம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் டொக்டர் இல்லை, ரேடியோகிராபர், அதாவது எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கிற ஆள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து எக்ஸ்ரே அறைகளிலும் சிடி (எக்ஸ்ரேயால் உடம்பைக் குறுக்கு வெட்டாகப் படம் பிடிக்கிற ஸ்கேன்) அறைகளிலும்தான் என் வேலைக்காலம் போயிருக்கிறது. அதனால் தயவுசெய்து ரிப்போட்டைப் படம் பிடித்து அனுப்பி மருந்து கேட்காதீர்கள்.

முதலில் இந்தப் "பெரிய மெசின்" எண்ணத்தை ஓரமாக வையுங்கள். ஸ்கேன் பார்த்துச் செய்யும் வைத்தியத்துக்கு அடிப்படை ஒரு ஊசி, அந்த ஊசிக்குள்ளால் போகிற மெல்லிய கம்பி, கம்பியின் மேல் வழுக்கிக்கொண்டு போகிற குழாய், இவ்வளவும்தான். 1953இல் செல்டிங்கர் என்ற சுவீடன் நாட்டு டொக்டர் சொல்லிக் கொடுத்த வரிசை அது: ஊசியைக் குத்து, கம்பியை விடு, ஊசியை எடு, கம்பி மேல் குழாயை ஏற்று, கம்பியை உருவு. இருதயக் குழாயைத் திறந்து வைக்கிற ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பதும், அடைபட்ட சிறுநீரகத்தில் தேங்கிய சிறுநீரை வெளியே எடுப்பதும், ஈரலில் கட்டிய சீழை வடிப்பதும் இன்றைக்கும் பெரும்பாலும் அதே வரிசையில்தான் நடக்கின்றன. அந்த ஊசி முனை இந்த நிமிடம் உடம்புக்குள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கத்தான் படம். எக்ஸ்ரேயிலும் பார்க்கலாம், சிடியிலும் பார்க்கலாம், சாதாரண வயிற்று ஸ்கேன் மெசினிலும் பார்க்கலாம்.

இதன் கதை ஒரு விசரனோடு தொடங்குகிறது. 1929இல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டொக்டர், யார் தடுத்தும் கேட்காமல், தன் கை இரத்தக்குழாய் வழியாகத் தானே ஒரு குழாயை இருதயம் வரைக்கும் செலுத்திக்கொண்டு, அப்படியே நடந்து எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் படம் எடுப்பித்தார். 1956இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு என்னவோ, அன்றைக்கு அந்த எக்ஸ்ரே அறையில் டியூட்டியில் நின்ற ஆளை நினைத்தால்தான் பாவமாக இருக்கும்.

மற்றது, அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்தில் டொட்டர் என்ற ரேடியோலஜிஸ்ட், அதாவது படங்களைப் படிக்கிற டொக்டர். 1964 ஜனவரி 16ஆம் திகதி அவரிடம் வந்தவர் 82 வயது ஆச்சி ஒருவர். காலுக்கு இரத்தம் ஓடாமல் விரல் அழுகத் தொடங்கியிருந்தது, காலை எடுக்க வேண்டும் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள், ஆச்சி முடியாது என்று நின்றுவிட்டார். டொட்டர் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே ஒடுங்கின இரத்தக்குழாய்க்குள் கம்பியை விட்டு, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களை ஏற்றி வழியைத் திறந்தார். கால் சூடாகியது, புண் ஆறியது, ஆச்சி தன் காலில் நடந்தே வீட்டுக்குப் போனார். அந்தக் காலத்துச் சத்திர சிகிச்சை டொக்டர்மார் பலர் அவரைப் பைத்தியக்காரன் என்றுதான் பேசினார்கள். பிறகு 1977இல் சூரிச்சில் குரூன்ட்சிக் என்பவர் அதே யோசனையை பலூன் வைத்து இருதயக் குழாய்க்குக் கொண்டுவந்தார், இன்றைக்கு உங்கள் தெருவிலேயே "எனக்கு ஸ்டென்ட் போட்டிருக்கு" என்று சொல்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். ஆனால் நான் அடிக்கடி யோசிப்பது அந்த ஆச்சியின் காலைப் பற்றித்தான். சீனி வருத்தத்தில் விரல், பாதம், முழங்காலுக்குக் கீழே என்று படிப்படியாக எடுத்துவிட்டு வருகிறவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்! புண் வந்த உடனே, வெட்டும் பேச்சுக்கு முன்னாலேயே, "காலுக்கு இரத்தம் ஓடுகிறதா என்று டொப்ளர் ஸ்கேன் பார்த்தாயிற்றா, குழாயைத் திறக்க வாய்ப்பு இருக்கிறதா" என்று கேளுங்கள். எல்லாக் காலுக்கும் இது பொருந்தாது, கிருமி ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிட்டால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. மாமா படுவான்கரையில் வயல் செய்பவர், சீனி வருத்தமும் இருக்கிறது, குளிசையை ஒழுங்காகப் போடுகிற ஆளும் இல்லை. பெரும்போக மழைக்குள் நாள் முழுக்கச் சேற்றுக்குள் நின்றவருக்குக் காய்ச்சல் வந்தது, விட்டு விட்டுக் காய்ந்தது, ஆள் மெலிந்துகொண்டே போனார். முதலில் டெங்கு என்றார்கள், பிறகு காசமாக இருக்குமோ என்று சளி பரிசோதித்தார்கள், கடைசியில் வயிற்று ஸ்கேன் எடுத்தபோது ஈரலின் வலது பக்கத்தில் பெரிய சீழ்க்கட்டி ஒன்று தெரிந்தது. முன்பு என்றால் வயிற்றைத் திறந்திருப்பார்கள், அல்லது குத்துமதிப்பாக ஊசி போட்டு இழுத்துப் பார்த்திருப்பார்கள். ரேடியோலஜிஸ்ட் செய்தது இதுதான்: இரத்தம் உறைகிற அளவைப் பார்த்தார், விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு இடத்தை விறைக்கப் பண்ணினார், ஒரு கையில் ஸ்கேன் கருவியையும் மற்றக் கையில் ஊசியையும் பிடித்துக்கொண்டு, திரையில் ஊசி வெள்ளைக் கோடாக இறங்குவதைப் பார்த்துப் பார்த்து, நுரையீரல் உறையையும் பித்தப்பையையும் விலக்கிக் கட்டிக்குள் போனார். சீழ் வந்தது. கம்பி, அதன் மேல் நுனி பன்றி வால் மாதிரிச் சுருண்டு நிற்கிற குழாய், வெளியே ஒரு பை. மாமா முழு நேரமும் முழித்துக்கொண்டு, வரம்பு கட்டாமல் கிடக்கிற வயலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்தக் குழாயோட நான் எப்பிடி மனே வட்டைக்குப் போற?"

சீழ் வடிந்தது பாதிப் பலன்தான். எடுத்த சீழைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற பரிசோதனைக்கு அனுப்பியதில் வந்த பெயர் மெலியொய்டோசிஸ். மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற கிருமி, மழைக்காலத்தில் வயலில் நிற்பவர்களுக்கு, அதிலும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வருவது, கிழக்கிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, காசம் மாதிரி நடித்து ஆளை ஏமாற்றக்கூடியது. இதற்கு வழக்கமான அன்டிபயோட்டிக் பல வேலை செய்யாது, குறிப்பிட்ட ஊசி மருந்து குறைந்தது இரண்டு கிழமை, அதற்குப் பிறகு குளிசை மூன்று மாதமாவது போட வேண்டும். கிருமியின் பெயர் தெரியாமல் அந்த நீண்ட வைத்தியத்தைப் பொதுவாக யாரும் தொடங்க மாட்டார்கள். ஆக அந்த ஊசி ஒரே குத்தில் கட்டியையும் வடித்தது, வருத்தம் என்னவென்றும் சொன்னது. அதற்குப் பயன்பட்டது எந்த மெசின் என்று நினைக்கிறீர்கள்? கர்ப்பிணிப் பெண்களுக்குப் பிள்ளை பார்க்கிற அதே அல்ட்ராசவுண்ட் வகைதான். நம் கடற்கரையில் ஆழ்கடல் படகுக்காரர் மீன் கூட்டம் பார்க்கிற கருவிக்கும் இதற்கும் தத்துவம் ஒன்று, சத்தத்தை அனுப்பி எதிரொலியைப் படமாக்குவது. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற டொக்டர் இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கிற தொழிற்சாலைக் கருவியை எடுத்து வயிற்றில் வைத்துப் பார்த்து 1958இல் எழுதியதுதான் இதற்கெல்லாம் வித்து. கதிர்வீச்சும் கிடையாது. இப்போது கைபேசியில் செருகிப் பார்க்கிற அளவுக்கு அந்தக் கருவி சிறுத்துவிட்டது, கிராமத்து ஆசுபத்திரிகளுக்கு வரவேண்டிய முதல் சாமான் அதுதான் என்பது என் கருத்து.

பாரிசவாதம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே படம் இல்லாமல் வைத்தியமே தொடங்க முடியாது. வாய் கோணி, ஒரு கை விழுந்து வருகிற இரண்டு பேரை வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும், ஒருவருக்கு மூளைக் குழாய் அடைத்திருக்கும், மற்றவருக்கு வெடித்திருக்கும். அடைத்தவருக்குப் போடுகிற இரத்தக்கட்டி கரைக்கும் ஊசியை வெடித்தவருக்குப் போட்டால் கொன்றுவிடும். வித்தியாசத்தைச் சில நிமிடத்தில் சொல்வது சிடி. 1971 அக்டோபரில் லண்டனில் சிடியைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்ட் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுத்ததும் மூளைப் படம்தான். அந்த ஊசிக்கான நேரம் பொதுவாக நான்கரை மணித்தியாலம். பெரிய குழாய் அடைத்திருந்தால், தொடை வழியாகக் கம்பி விட்டு மூளையிலிருந்து இரத்தக்கட்டியையே இழுத்து எடுக்கிற முறை 2015இல் வந்த ஆய்வுகளுக்குப் பிறகு உலகம் முழுக்க ஏற்கப்பட்டது, 2018இல் இன்னும் ஒரு படி போய், மூளையில் எவ்வளவு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று ஸ்கேனில் அளந்து, தெரிந்தெடுத்த சிலருக்கு 24 மணித்தியாலம் வரைக்கும் செய்யலாம் என்று காட்டினார்கள். எல்லா ஊரிலும் கிடைக்கிற வைத்தியம் இல்லை இது, ஆனால் சிடியும் ஊசியும் அவ்வளவு தூரத்தில் இல்லை. நாங்கள் தோற்பது மெசினால் அல்ல, நேரத்தால். எண்ணெய் தேய்த்து, பார்வை பார்த்து, விடியட்டும் என்று படுக்க வைத்து, மறுகா காலையில் கூட்டி வந்தால் பெரும்பாலும் எந்த ஸ்கேனும் ஒன்றும் செய்யாது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், காசு இல்லை, ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

எம்ஆர்ஐ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல மெசின், கதிர்வீச்சு இல்லை, மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் மூட்டுக்கும் அதற்கு நிகரில்லை, ஆனால் அது ஒரு மாபெரும் காந்தம், ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம்தான். அரைஞாணும் மோதிரமும் கழற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நம் மாவட்டங்களில் வேறொரு விஷயம் இருக்கிறது, கொழும்பில் எழுதின படிவம் அதை ஒரு வரியில் கடந்துவிடும். யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டு, சன்னம் இன்னும் உடம்புக்குள் இருக்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். இரும்புத் துண்டு காந்தத்துக்குள் அசையலாம், சூடாகலாம், கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ இருந்தால் பார்வையும் நடையும் போய்விடலாம். "உங்களுக்கு முன்பு காயம் பட்டதா" என்று கேட்டால் பலர் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள், ஏன் என்று எனக்கும் விளங்குகிறது, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகின காலம் அப்படி. எனக்கு வேண்டியது எந்த இடத்தில், எந்த அளவில் என்பது மட்டும். எங்கே பட்டது, யார் சுட்டது, அப்போது நீங்கள் யாரோடு நின்றீர்கள் என்பது எங்களுக்குத் தேவையே இல்லை. சொன்னால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம், சரியென்றால் எம்ஆர்ஐ, இல்லையென்றால் சிடியில் பார்ப்போம். ஒப்பரேஷனில் வைத்த டைட்டேனியம் தகடு என்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது, ஆனாலும் வைத்த இடத்துக் காகிதத்தைக் கொண்டு வாருங்கள்.

சிடிக்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைவிட மோசமாக, "எல்லாத்துக்கும் ஒரு சிடி எடுத்துவிடுங்க தம்பி" என்கிறவர்களும் இருக்கிறார்கள். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் கிடைக்கிற கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட், வயிற்றுச் சிடியில் சுமார் 8. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதனுக்கு இயற்கையாகவே கிடைப்பது உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4. அதாவது ஒரு வயிற்றுச் சிடி மூன்று வருடத்துக்கு மேலான இயற்கைக் கதிர்வீச்சு. தேவைக்கு எடுத்தால் யோசிக்கவே வேண்டாம், பயந்து எடுக்காமல் விடுவதுதான் ஆபத்து. தலையிடிக்கு ஒன்று, வயிற்றெரிவுக்கு ஒன்று என்று காசு கட்டி எடுக்கிறதுதான் வீண். அதேபோல படம் தெளிவாகத் தெரியச் சிடிக்கு ஏற்றுகிற அயடீன் மருந்துக்கு முன் சிறுநீரகத்தைப் பார்க்க கிரியேட்டினின் பரிசோதனை கேட்பார்கள். "அலைக்கழிக்கிறாங்க" என்று கோபப்படாதீர்கள், சீனியும் சிறுநீரக வருத்தமும் மலிந்த இந்தப் பக்கத்தில் அதைப் பார்க்காமல் ஏற்றுகிற ஆளிடம்தான் நீங்கள் கோபப்பட வேண்டும். சீனிக்கு மெட்ஃபோர்மின் குளிசை போடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

புதிய சாமான்கள் என்று பார்த்தால், எக்ஸ்ரேயின் துகளான ஃபோட்டோனை ஒவ்வொன்றாக எண்ணுகிற சிடி 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, சாதாரணச் சுவர் பிளக்கில் ஓடுகிற, கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வரக்கூடிய சிறிய எம்ஆர்ஐ 2020இல் வந்தது. முதலாவது எனக்கு அதிசயம், இரண்டாவதுதான் ஆசை. படம் அவ்வளவு துல்லியமாக இராது, ஆனால் மின்சாரமும் ஆளும் குறைந்த இடத்துக்கு அது போதும். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கிற மெசினிலேயே சிடியைப் பொருத்தி, ஒவ்வொரு நாளும் படம் எடுத்து, கட்டி நேற்றிருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று சரிபார்த்துக் கதிர் கொடுப்பதும் பழக்கத்துக்கு வந்துவிட்டது, சுற்றியிருக்கிற நல்ல சதை அதனால் தப்புகிறது. செயற்கை நுண்ணறிவு படம் படிக்கிறதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் விடுகிறேன்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. நேரே ஸ்கேன் சென்டருக்குப் போகாமல் முதலில் ஒரு டொக்டரைப் பாருங்கள், எதைக் கண்டுபிடிக்க இந்தப் படம் என்று துண்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், "வயிற்று வலி" என்று மட்டும் எழுதிய துண்டோடு வந்தால் படம் எடுப்பவருக்கும் படிப்பவருக்கும் கண்ணைக் கட்டினது மாதிரித்தான். ஒப்பரேஷன் என்று சொன்னால், "இதை ஊசியாலோ குழாயாலோ செய்ய முடியுமா, ரேடியோலஜிஸ்ட்டிடம் ஒருக்கால் கேட்டீர்களா" என்று மரியாதையாகக் கேளுங்கள், நல்ல டொக்டர் கோபிக்க மாட்டார். இரத்தம் இளகுகிற குளிசை போடுகிறவர் என்றால் ஊசி வைக்க முன்னமே சொல்லிவிட வேண்டும், ஆனால் நீங்களாக அதை நிறுத்தவும் கூடாது. மெசின் பழுதாகும், டொக்டர் மாற்றலாகிப் போவார், அதனால் அக்கரைப்பற்றிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ வெளிக்கிட முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். பழைய படங்களை, படம் பதிந்த இறுவட்டுகளை, மஞ்சள் உறையோடு தலையணைக்குக் கீழே வைத்திருக்கிற அந்த எக்ஸ்ரேயைக்கூட, எறியாமல் கொண்டு போங்கள். இந்த நிழல் புதிதா, பத்து வருடமாக அப்படியே இருக்கிறதா என்ற கேள்விக்கு எந்த விலை கூடின மெசினும் பதில் சொல்லாது, அந்தப் பழைய படம்தான் சொல்லும்.