வங்கிப் பயிற்சி வீணில்லை, வயலை ஈடு வைப்பதுதான் வீண்

விசுவமடுவிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எழுதினாள். பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று கிளிநொச்சியில் ஒரு வங்கிக் கிளையில் மூன்று மாதம் பயிலுநராகப் போய்வந்தாள். பெறுபேறு வந்தது. மூன்று பாடமும் சித்தி, ஆனால் இசட் புள்ளி பல்கலைக்கழகத்துக்கு எட்டாது போலிருக்கிறது. கிளையிலும் இடமில்லை என்று கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கனடாவிலிருக்கும் தாய்மாமன், கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றில் வெளிநாட்டுப் பட்டம் படிக்கட்டும், முதலாம் ஆண்டுக் காசு தன் பொறுப்பு என்கிறார். பெரியப்பா, இன்னொரு தரம் பரீட்சை எழுதட்டும் என்கிறார். "மூன்று மாதமும் வீண், ஐயா. பாஸ்புத்தகம் அடித்ததும் போட்டோக் கொப்பி எடுத்ததும்தான் மிச்சம். வங்கிக்காரர் ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று சனம் கேட்கிறது. கொழும்புக்கு அனுப்பினால் மிகுதிக் காசுக்கு நகை இருக்கிறது, தேவைப்பட்டால் வயலையும் பார்க்கலாம்" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, ஆறுதல் சொல்லத்தான் பேனையை எடுத்தேன். உங்கள் கடைசி வரியை இரண்டாம் முறை வாசித்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். உங்கள் மகளின் பெறுபேற்றில் பயப்பட ஒன்றுமில்லை. அந்த வரியைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதலில் ஊர் கேட்கும் கேள்வியை முடித்துவிடுவோம். ஒரு கிளையின் முகாமையாளர் நினைத்தாலும் பயிலுநரை நிரந்தரமாக்க முடியாது. அரச வங்கிகள் பத்திரிகையில் அறிவித்து, போட்டிப் பரீட்சை வைத்து, நேர்முகம் நடத்தித்தான் ஆள் எடுக்கின்றன. தனியார் வங்கிகளிலும் முடிவு தலைமையகத்தில்தான். பயிற்சி முடிந்து பிள்ளை வீட்டுக்கு வந்தது வழமையான நடைமுறை. "வைத்துக்கொள்ளவில்லை" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

மகளுடன் நீண்ட நேரம் தொலைபேசியில் பேசினேன். வீண் என்று நீங்கள் எழுதிய மூன்று மாதத்தைப் பற்றி அவள் சொன்னவற்றில் பாதியைக்கூட வீட்டில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அஸ்வெசும என்ற அரச உதவிக் காசு எடுக்க வரும் முதியவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தது, பெருவிரல் அடையாளம் வைப்பவருக்குச் சாட்சி எப்படிப் பிடிப்பது, மாலையில் காசாளரின் பணம் சமன்படும்வரை ஒருவரும் எழும்பாமல் இருப்பது எல்லாவற்றையும் ஓரிரு வசனத்தில் சொல்லிக் கடந்துவிட்டாள். கடன் பிரிவுக்கு வந்ததும் பேச்சு நிற்கவே இல்லை.

முரசுமோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் சிறுபோக நெற்செய்கைக்குக் கடன் கேட்டு வந்திருக்கிறார். விண்ணப்பத்தில் நான்கு ஏக்கர் என்று இருந்தது. கடன் உத்தியோகத்தர் கோப்பை இவளிடம் கொடுத்து, கூட்டல் சரியா என்று பார்க்கச் சொன்னார். கூட்டல் சரிதான். ஆனால் சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் வராது, குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர் என்று பங்கிட்டுத்தான் விதைப்பார்கள் என்பது வன்னிப் பிள்ளைக்குத் தெரியாதா? "ஐயாவுக்கு இந்த முறை எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர்ப் பங்கு?" என்று கேட்டிருக்கிறாள். ஒன்றரை ஏக்கர். பிறகு வரவுப் பக்கத்தைப் பார்த்தாள். நெல்லுக்கு முழு விலை போட்டிருந்தது. ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போனால் நெல் சந்தைப்படுத்தும் சபையில் அந்த விலை கிடைக்காது, காயவைக்க இடமில்லாதவர் வயல் வரம்பிலேயே தனியார் வியாபாரிக்குக் குறைத்துத்தான் விற்பார். வெட்டு மெசின் கூலியும் செலவில் இல்லை. எல்லாவற்றையும் திருத்தி எழுதியபோது, அவர் கேட்ட தொகையை ஒரு போகத்தில் கட்ட முடியாது என்று தெரிந்தது. சிறிய தொகையாக மாற்றி எழுதினார்கள். அந்த மனிதர் கோபப்படவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனார் என்று சொல்லும்போது பிள்ளையின் குரல் மாறியது.

இந்தக் கண் எல்லோருக்கும் வாய்க்காது. கணக்கீட்டில் ஏ எடுத்த பிள்ளைகள் பலருக்குக்கூட ஐந்தொகைக்கு அப்பால் ஒரு குடும்பம் இருப்பது தெரியாது. வன்னிக்கு இந்தக் கண் எவ்வளவு தேவை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாராந்தக் கடன் எடுத்த பெண்கள் ஒன்றைக் கட்ட இன்னொன்றை எடுத்து நொந்த கதை உங்கள் ஒழுங்கையிலும் இருக்கும். வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை 2018 இல் அரசு தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது போனது. கடன் கொடுக்கும் நேரத்திலேயே உட்கார்ந்து கணக்கைத் திருத்த ஓர் ஆள் இருந்திருந்தால் எத்தனை குடும்பம் தப்பியிருக்கும்!

இப்போது கொழும்புக்கு வருகிறேன். மாமா தருவது முதலாம் ஆண்டுக் கட்டணம். அடுத்த ஆண்டுகளுக்கு யார்? அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் யார்? ரூபாவின் பெறுமதி மாறும்போது வெளிநாட்டுக் கட்டணம் எப்படி ஏறும் என்பதை 2022 இல் நாம் எல்லோரும் கண்டோம். நடுவில் காசு நின்றால் கையில் பட்டமும் இருக்காது, நகையும் இருக்காது. உங்கள் மகள் அந்த மூன்று மாதத்தில் சில நாட்கள் அடகுப் பிரிவிலும் நின்றிருக்கிறாள். காலபோக விதைப்புக்கு வைத்த சங்கிலியை அறுவடை முடிந்து மீட்க வந்தவர்களையும், மீட்க முடியாமல் வட்டியை மட்டும் கட்டிவிட்டு, ஏல அறிவித்தலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறாள். அந்த வரிசையில் தன் தாய் நிற்பதை அவள் விரும்பவில்லை. இதை என்னிடம் சொன்னாள், உங்களிடம் சொல்லத் துணிவில்லை. ஆகவே நான் சொல்கிறேன்: இந்தப் படிப்புக்காக வயலை ஈடு வைக்காதீர்கள். மாமா எவ்வளவு நல்ல மனதுடன் சொன்னாலும் இந்த இடத்தில் நான் இறங்கிவரப் போவதில்லை.

பெரியப்பாவின் யோசனைக்கு ஒரு வரி போதும். பிள்ளைக்கு மீண்டும் எழுத ஆசையில்லை. ஆசையில்லாமல் எழுதும் பரீட்சை ஓர் ஆண்டைத் தின்னும்.

பல்கலைக்கழகம், பட்டயக் கணக்காளர் படிப்பு எல்லாம் ஊரே அறிந்த பாதைகள், அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டில் ஒருவரும் பெயர்கூடச் சொல்லாத ஒரு பாதை இருக்கிறது: கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா. எச்.என்.டி.ஏ. என்றால் கொழும்பு அலுவலகங்களில் உடனே விளங்கிக்கொள்வார்கள், எங்கள் பக்கத்தில்தான் "டிப்ளோமாவா?" என்று முகம் சுளிப்பார்கள். 1995 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் இதை நடத்துகிறது. அரசாங்கத்தின் நிறுவகம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அதற்கு உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள் இருக்கின்றன.

முழுநேரப் படிப்பு நான்கு ஆண்டு. விரிவுரைக் கட்டணம் கிடையாது, பதிவு போன்ற சிறு செலவுகள் மட்டும். உயர்தரத்தில் உங்கள் மகள் தொட்ட கணக்கீட்டிலிருந்து தொடங்கி, கிரயக் கணக்கு, முகாமைக் கணக்கு, கணக்காய்வு, வரி, வணிகச் சட்டம், புள்ளிவிபரம், கணினி என்று போகும். அந்த விவசாயியின் விண்ணப்பத்தில் அவள் உள்ளுணர்வால் செய்த வேலையின் முறையான பெயர் காசுப் பாய்ச்சல் பகுப்பாய்வு. அதை ஒரு சிறிய அரிசி ஆலைக்கு எப்படிச் செய்வது, ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு எப்படிச் செய்வது என்று அங்கே படிப்பாள். படிப்புக் காலத்துக்குள்ளேயே அலுவலகப் பயிற்சியும் அடங்குகிறது. ஏற்கெனவே ஒரு கிளையில் மூன்று மாதம் இருந்த பிள்ளை, பயிற்சி இடம் தேடும்போது மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்பாள். அதனால் கிளையிலிருந்து வாங்கிய கடிதத்தில் தேதிகளும் அவள் வேலை செய்த பிரிவுகளின் பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். "பயிற்சி பெற்றார்" என்று மட்டும் இருந்தால் மரியாதையாகப் போய்க் கேட்டு மாற்றி வாங்குங்கள். கடன் பிரிவு என்ற சொல் அதில் இருக்க வேண்டும்.

முகம் சுளிக்கும் உறவினருக்கு ஒரு விடயம் சொல்லுங்கள். அரச வேலைகளில் பி.கொம். பட்டம் கேட்கும் இடங்களில் இதை மாற்றுத் தகைமையாக ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு 1990 இலிருந்து பேசப்படுகிறது. அந்தச் சமநிலை குறைக்கப்படுகிறது என்றுதான் 2015 ஒக்டோபரில் இந்த மாணவர்கள் கொழும்பில் வீதிக்கு இறங்கிப் பொலிசாரின் தடியடியும் வாங்கினார்கள். தங்கள் படிப்பின் மதிப்பை இப்படிக் காத்த மாணவர் கூட்டம் அது. தனியார் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இந்த டிப்ளோமாக்காரரைக் கடன் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் எடுப்பதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். வேலை செய்துகொண்டே வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகளையும் எழுதலாம்.

ஒரு கடினமான விடயத்தை மறைக்கப் போவதில்லை. படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். உங்கள் மகளின் ஆங்கிலம் இப்போது போதாது, அவளுக்கே அது தெரியும். முதலாம் ஆண்டில் பலர் விழுவது கணக்கில் அல்ல, கேள்வியை விளங்கிக்கொள்வதில்தான். விண்ணப்பம் கோரும்வரை கிடைக்கும் மாதங்களை ஆங்கிலத்துக்கே கொடுக்கட்டும். உயர்தரக் கணக்கீட்டுப் பாடத்தை ஆங்கில மொழிப் புத்தகத்தில் முதல் பக்கத்திலிருந்து மறுபடி செய்யட்டும், பொது ஆங்கில வகுப்பைவிட இது விரைவாக வேலை செய்யும். வவுனியாவில் சிங்களமும் காதில் விழும், அதையும் பிடித்துக்கொள்ளட்டும். வங்கியில் அது உதவும்.

மாமாவின் அன்பைத் தட்டிக்கழிக்க வேண்டாம். தருவதாகச் சொன்ன காசில் ஒரு நல்ல மடிகணினியும், வவுனியாவில் அல்லது யாழ்ப்பாணத்தில் தங்குமிடச் செலவும் ஏற்கச் சொல்லுங்கள். விசுவமடுவிலிருந்து தினமும் போய்வர முடியாது, அறை வேண்டும். ஆனால் மாமாவுடன் நீங்கள் பேசாதீர்கள். மகள் பேசட்டும். அந்த விவசாயியின் கோப்பைப் பற்றி என்னிடம் சொன்னதுபோலவே அவரிடமும் சொல்லட்டும்.

உயர் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான விண்ணப்ப அறிவித்தல் பத்திரிகையில் வரும், நிறுவகத்தின் இணையத்தளத்திலும் வரும். எந்த ஊரில் இந்த ஆண்டு எந்தப் பாடநெறி என்பதை அதிலேயே பார்த்து, இரண்டு ஊரையும் விருப்ப வரிசையில் எழுதுங்கள். உயர்தரப் பெறுபேற்றின் சான்றிதழ்ப் பிரதியையும் பிறப்புச் சான்றிதழையும் இப்போதே எடுத்து வையுங்கள். நிரப்பிய விண்ணப்பத்தை அனுப்புமுன் எனக்கு ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.